தீ வச்சிகினு

சவுரிமுத்து சாப்பிட்டது ஒரு பொய்க்குக் கிடைத்த சோறு. ஐம்பத்தோரு வருஷமாகக் கிடைத்தது. முதலில் அண்ணி ரத்தினபாய் போட்டாள். அவள் போன பிறகு அவள் மகள் அருள்மேரி போட்டாள். சேலையூர் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில், வெள்ளிக்கிழமை கவிச்சி இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை கறிக் குழம்போடு, வெந்நீர் ஆற்றி வைத்து, பெற்ற அப்பனுக்குப் போடுவதுபோல்தான் போட்டாள். அந்த அப்பனைப் பற்றியதுதான் பொய்.

1937இல் அண்ணன் லாசரஸ், பெண்டாட்டியையும் பத்து மாசக் கைக்குழந்தை அருள்மேரியையும் விட்டுவிட்டு, கங்காணி பேச்சை நம்பி மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பல் ஏறினார். துணைக்குப் பதினைந்து வயசுத் தம்பி சவுரிமுத்துவையும் கூட்டிப்போனார். யுத்தம் முடிந்து 1946இல் தம்பி மட்டும் திரும்பி வந்தான். எலும்பும் தோலுமாக வாசலில் நின்றவன், அண்ணி கேட்பதற்கு முன்பே ஒப்பித்துவிட்டான். அண்ணனுக்கு மலேரியா. ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கிடந்தார். சாமியார் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். சாகக் கிடப்பவர் நெற்றியில் எண்ணெய் பூசிப் பாவமன்னிப்புக் கொடுக்கும் அந்தச் சடங்கு மட்டும் கிடைத்துவிட்டால், கோயில் ஜனங்களுக்குச் சாவில் பாதிப் பயம் போய்விடும். ரத்தினபாய் அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அந்த மட்டும் நல்ல மரணம்” என்றாள். பிறகு உள்ளே போய்ச் சோறு எடுத்து வந்தாள்.

வருஷா வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, குடும்பங்கள் தங்கள் இறந்தவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கொடுக்கும். கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் பூசையில் சாமியார் அவற்றை வரிசையாக வாசிப்பார். ஒவ்வொரு சீட்டு முடிந்ததும் அந்தக் குடும்பம் தொடங்க, கூட்டம் அவர்களுக்காக வேண்டி ஒரே குரலில் பதில் ஜெபம் சொல்லும். அருள்மேரியின் சீட்டில் முதல் பெயர் லாசரஸ். முகமே தெரியாத அப்பனுக்கு அவள் கொடுக்க முடிந்தது அந்த ஒன்றுதான். கல்லறைகூடக் கிடையாது, கடல் தாண்டி எங்கோ கிடந்தது எலும்பு. பெயர் வாசிக்கும்போது அவள் நிமிர்ந்து நிற்பாள். சவுரிமுத்து குனிந்து நிற்பார்.

அவருக்கு வேலை முனிரத்தினத்தின் கல்யாண மண்டபத்தில். குரோம்பேட்டைத் தோல் ஷெட்டில் முப்பது வருஷம் உடம்பை ஊறப்போட்ட பிறகு கிடைத்த வாட்ச்மேன் உத்தியோகம். முனிரத்தினத்தின் குடும்பம் ஒரு காலத்தில் அந்தப் பக்கம் நெல் போட்ட குடும்பம். நிலமெல்லாம் பிளாட்டாகி, பிளாட்டெல்லாம் மண்டபமாகி நின்றது. முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் சாப்பாட்டுக் கூடத்தை ‘மறந்த தேச வரலாறு மன்றம்’ என்ற ஒன்றுக்கு அவர் சும்மா விட்டிருந்தார். பேனரில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் வரவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

மன்றம் என்றால் ஸ்ரீரங்கன். மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். தேசத்துக்கு ஞாபகசக்தியே கிடையாது என்பது அவருடைய தீராத குறை. பாடப் புத்தகத்தில் இடம் கிடைக்காதவர்களைத் தேடிப் பிடித்து மாசம் ஒரு கூட்டம் போட்டார். பதினோரு பேர் வருவார்கள். நாலு பேர் போண்டாவுக்கு, இரண்டு பேர் ஃபேன் காற்றுக்கு. முதல் வரிசையில் காது கேளாத ஒருவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். ஸ்ரீரங்கன் அவரைப் பார்த்துத்தான் பேசுவார். கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தான் நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு தலைக்கேறிய ஆளுக்குப் பக்கத்தில் நின்றால் என்ன ஆகும் என்பதைச் சவுரிமுத்து பட்டுத் தெரிந்துகொண்டார்.

1997 ஜூலைக் கூட்டம். சுதந்திரப் பொன்விழா வருஷம். யாரோ ஒரு பேராசிரியர் வந்து, யுத்தத்தின்போது ஜப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே காட்டை வெட்டிப் போட்ட ரயில் பாதையைப் பற்றிப் பேசினார். கைதான வெள்ளைக்காரச் சிப்பாய்கள் எத்தனை பேர் செத்தார்கள், அவர்களுக்கு எத்தனை அழகாகக் கல்லறை கட்டி ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார். கூட்டம் கலைந்த பிறகு நாற்காலி மடக்கிக்கொண்டிருந்த சவுரிமுத்து சும்மா இருந்திருக்கலாம். ஐம்பத்தோரு வருஷம் சும்மா இருந்தவர்தானே.

“வெள்ளைக்காரன் கணக்கு மட்டும் சொன்னாரே சார். எங்க ஆளுங்க கணக்கு யார்னா வச்சிகினு கீறாங்களா?”

“எங்க ஆளுங்கன்னா?” என்றார் ஸ்ரீரங்கன்.

“தோட்டத்துத் தமிழாளுங்க சார். நானு, எங்கண்ணன், எங்க தோட்டமே. நாங்களும் அந்த லைனு போட்டவங்கதான். கொத்துக் கொத்தா செத்தாங்க.”

ஸ்ரீரங்கன் கையிலிருந்த போண்டா வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. எங்கெங்கோ தேடிய மறந்த வரலாறு, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு வருஷமாகத் தனக்கு கேட் திறந்துவிட்டிருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. “பெரியவரே, உட்காருங்கோ” என்றார். அதுவரை அந்த மண்டபத்தில் சவுரிமுத்துவை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

மறுநாளே டேப் ரெக்கார்டரோடு வாட்ச்மேன் அறைக்கு வந்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் சவுரிமுத்து பேசினார். கப்பல், தோட்டம், பால் வெட்டு. பிறகு ஜப்பான்காரன். ஓசியில் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்கு அழைத்து, கதவைச் சாத்தி, அப்படியே லாரியில் அள்ளிப்போனது. சரக்கு ரயிலில் நின்றபடி ஐந்து நாள். மழை, புழுத்த அரிசி, மூங்கில் முள் குத்தின காலில் புரையோடிய புண். சொல்லச் சொல்ல அவருக்கு உடம்பு லேசானது. இத்தனை வருஷத்தில் இதைக் கேட்க ஒரு ஆள் வந்ததில்லை. ஆள் வந்ததுமே மனுஷனுக்கு நாக்கு நீண்டுவிடுகிறது.

“அப்பறம் கழிச்சல் வந்துச்சி சார். காலரா. வந்தவங்கள தனியா ஒரு மூங்கில் குடிசையில கொண்டுபோய்ப் போட்டாங்க. எங்கண்ணனையும் போட்டாங்க. ஒருநாளு… எங்கண்ணன் குடிசையில தீ வச்சிகினு…”

அதற்குமேல் வரவில்லை. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்.

அவர் சொல்ல வந்தது இது. காலரா மற்றவர்களுக்குப் பரவக் கூடாது என்று, குடிசையை உள்ளே கிடந்தவர்களோடு கொளுத்தச் சொன்னான் ஜப்பான்காரன். உள்ளே உயிரோடு இருபது பேராவது இருந்தார்கள். கொளுத்தக் கூலிகளிலேயே பத்துப் பேரைப் பொறுக்கினான். அண்ணன் கிடந்த குடிசைக்கு நாங்கள் தீ வைத்துக்கொண்டிருந்தோம். வைத்தவர்களில் நான் ஒருவன். இந்தக் கடைசிச் சொல்தான் தொண்டையில் சிக்கியது.

ஸ்ரீரங்கன் காதில் விழுந்தது வேறு. அண்ணன், குடிசையில், தனக்குத்தானே தீ வைத்துக்கொண்டான். எழுத்துத் தமிழில் இந்த இரண்டுக்கும் வெவ்வேறு வாக்கியம் எழுதவேண்டும். மெட்ராஸ் பேச்சில் இரண்டுக்கும் ஒரே ‘வச்சிகினு’ போதும். அதுவும் இந்த ஊர்க் காதுக்கு அப்படித்தான் கேட்கும். தலைவருக்கு ஜுரம் என்று பேப்பரில் வந்தால் மண்ணெண்ணெய் டின்னைத் தேடும் ஊர் இது. நெருப்பு என்றாலே தீக்குளிப்புதான்.

“ஜப்பான்காரா பண்ணின கொடுமை தாங்காமயா?” என்று மெல்லக் கேட்டார்.

“கொடுமதான் சார்… கொடுமதான்” என்று தலையை ஆட்டினார் சவுரிமுத்து, கேள்வி என்ன என்றே விளங்காமல்.

இரண்டு நாள் கழித்து ஸ்ரீரங்கன் நோட்டீஸ் எழுதிக்கொண்டு வந்து வாசித்துக் காட்டினார். ‘சயாம் காட்டில் தீக்குளித்த செங்கல்பட்டுச் சிங்கம்.’ அன்னியனுக்கு அடிபணியேன் என்று முழங்கியபடி தன் உடலையே தீக்கு இரையாக்கிய தியாகி லாசரஸ். ஆகஸ்ட் பதினைந்து மாலை, நேரில் கண்ட சாட்சியான அவர் தம்பி பேசுகிறார்.

“சரியா இருக்கா பெரியவரே?”

சவுரிமுத்துவுக்கு அப்போதுதான் விளங்கியது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். இல்லை என்றால், பின்னே யார் வைத்தது என்று அடுத்த கேள்வி வரும். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் மனசு வேகமாகக் கணக்குப் போட்டது. அண்ணன் சிங்கமாகிவிட்டான், தியாகியாகிவிட்டான். தனக்கும் ஒரு வழி பிறந்துவிட்டது. யாருக்கு என்ன நஷ்டம்?

“சரியாதான் கீது சார்” என்றார்.

பத்தாயிரம் நோட்டீஸ். தாம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூடுவாஞ்சேரி மார்க்கெட் வரை ஆள் வைத்துக் கொடுத்தார் ஸ்ரீரங்கன். கேம்ப் ரோடு முனையில் பேனர் ஏறியது. அதில் லாசரஸுக்கு முறுக்கு மீசை வரைந்திருந்தார்கள். சுற்றிலும் நாக்கு நாக்காகத் தீ.

அந்த நோட்டீஸ், பூசைக்குப் பெயர் எழுதும் கோயில் உபதேசியார் கைக்கும் போனது. அவர் எழுபது வயசு ஆள். சின்ன வயசில் படித்த ஞானோபதேசப் பாடத்தை அன்று படித்தபடியே அட்சரம் பிசகாமல் வைத்திருப்பவர். காலம் மாறிவிட்டது, சபை இப்போது தற்கொலை விஷயத்திலும் இரக்கமாக இருக்கிறது என்று சாமியார் எத்தனை சொன்னாலும் அவர் காதில் ஏறாது. ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளும்கூட. அன்றைக்கு அப்பா பெயரில் ஒரு பூசைக்கு எழுதி வைக்கலாம் என்று அருள்மேரி போய் நின்றாள். அவர் நோட்டீஸை மேஜையில் விரித்து வைத்தார்.

“இது உங்கப்பாதானே?”

“பேரு அதான். ஆனா எங்கப்பா காய்ச்சல்ல…”

“ஊருக்கே அடிச்சுக் கொடுத்திருக்கான். தானா உயிரை மாய்ச்சிக்கிட்டவங்களுக்கு நான் எப்படிம்மா பூசை எழுதறது? கல்லறைத் திருநாளுக்கும் இனிமே அவர் பேரைச் சீட்டுல எழுதாதே. இத்தனை வருஷம் வாசிச்சதே தப்பு.”

அருள்மேரி மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்தவள். எத்தனையோ பிணத்தைக் கழுவியவள், கட்டின புருஷனையும் அடக்கம் பண்ணியவள். லேசில் கலங்குகிறவள் இல்லை. வீட்டுக்கு வந்து, அடுப்புப் பற்றவைக்காமல் சுவரோரம் உட்கார்ந்தாள்.

“எனக்குச் சொன்னது காய்ச்சலு. ஊருக்குச் சொல்றது நெருப்பு. எது சித்தப்பா நெஜம்?”

“அவுங்க எதோ எழுதிட்டாங்கம்மா…”

“அவஸ்தைப்பூசுதல் கொடுத்தாங்கன்னியே?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“எனக்கு வேற ஒண்ணும் வாணாம். எங்கப்பா மோட்சத்துல கீறாரா, நரகத்துல கீறாரா? அத்த மட்டும் சொல்லு.”

சவுரிமுத்து மறுபடி கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் லாசரஸ் பிழைப்பார், சீட்டில் அவர் பெயர் ஏறும், மகளுக்கு அப்பன் கிடைப்பான். ஆனால் உண்மையைக் கேட்ட பிறகு அதே மகள் தனக்குத் தட்டு வைப்பாளா? எழுபத்தைந்து வயசில் வேறு எங்கே போவது? “கூட்டத்துல எல்லாம் தெளிவா சொல்லுவாங்க” என்று முனகிவிட்டு வெளியே போனார். கோழை. ஜப்பான்காரன் துப்பாக்கிக்கு முன்னால் கோழையானவனை மன்னித்துவிடலாம். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கோழையானவனை என்ன செய்வது?

நேராக ஸ்ரீரங்கனிடம்தான் போனார். “சார், அந்தத் தீக்குளிச்ச சமாச்சாரத்த மட்டும் எடுத்துடுங்க சார். எங்க வூட்டுல பேஜாராப் போச்சி” என்று கெஞ்சினார்.

“தன்னடக்கம் வேண்டாம் பெரியவரே” என்று தோளில் தட்டினார் ஸ்ரீரங்கன். “உங்கண்ணாவைத் தேசம் மறந்துடுத்து. நாம மறக்கவிடப் படாது. அவரோட பொண்ணு ஒருத்தி இருக்காளாமே? மேடைக்கு அழைச்சுண்டு வாங்கோ.”

ஆகஸ்ட் பதினைந்து சாயங்காலம் சாப்பாட்டுக் கூடம் போதாமல் கல்யாண ஹாலையே திறந்துவிட்டார்கள். நானூறு பேருக்குக் குறையாது. இரண்டு வருஷமாகத் தேசம் தேசம் என்று தொண்டை கிழியக் கத்தியபோது வராத ஜனம், ஒருவன் எரிந்தான் என்றதும் குடும்பத்தோடு வந்திருந்தது. ஸ்ரீரங்கனுக்குக் கண் கலங்கியது. முனிரத்தினம் கல்யாண மாப்பிள்ளை உட்காரும் சிம்மாசன நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பக்கத்து நாற்காலியில், கதர்த் துண்டு போர்த்தி, சவுரிமுத்து.

“தீக்குளித்த தியாகியின் திருமகளுக்கு இப்போது பொன்னாடை” என்று ஸ்ரீரங்கன் அறிவித்தார். அருள்மேரி வெள்ளைப் புடவையில் மேடையேறினாள். போர்த்திய பொன்னாடையை எடுத்து மடித்து மேஜையில் வைத்தாள். மைக்கைக் கேட்டு வாங்கினாள்.

“எங்கப்பா தீக்குளிக்கல. காய்ச்சல்ல செத்தாரு. சாமியார் கையால அவஸ்தைப்பூசுதல் வாங்கிகினு செத்தாரு. கூட இருந்தவர் என் சித்தப்பா. தோ கீறாரு.” அவர் பக்கம் திரும்பினாள். “நீ எங்கம்மா கிட்ட சொன்னத இவங்க கிட்டயும் சொல்லு சித்தப்பா. உன் வாயால சொல்லு.”

மைக் அவர் கைக்கு வந்தது. கீழே மூன்றாவது வரிசையில் உபதேசியார் உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அருள்மேரி நம்பியிருப்பாள். அவள் நம்பத் தயாராக நின்றாள், அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. அறுபது வயசுப் பெண்பிள்ளை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் வாய் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தீக்குளிக்கல” என்றார் சவுரிமுத்து. “காய்ச்சலும் இல்ல. சாமியாரும் வரல. அந்தக் காட்டுக்குச் சாமியாரு எங்க வருவாரு? கழிச்சல் வந்தவங்கள உசுரோட குடிசைக்குள்ள வச்சிக் கொளுத்தச் சொன்னான் ஜப்பான்காரன். பத்துப் பேரப் பொறுக்கினான். அதுல நானும் ஒருத்தன்.”

மைக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“மாட்டேன்னா உள்ள தள்ளிடுவான். ஒருத்தன் மாட்டேன்னான், தள்ளிட்டான். காலையில நான் குடிசைக்குள்ள எட்டிப் பாத்தேன். எங்கண்ணன் முழிச்சிகினுதான் இருந்தாரு. என்னைப் பாத்து, தண்ணி கேட்டாரு. கொண்டாரேண்ணான்னு சொல்லிட்டு வந்தேன்.” மூச்சு வாங்கினார். “தண்ணி கொண்டுபோல. பந்தம் கொண்டுபோனேன். அவர் பக்கத்து மூலையில நான்தான் வச்சேன். வேற யாரும் வைக்கல. நான்தான்.”

ஐம்பத்தோரு வருஷமாகச் சிக்கியிருந்த சொல் வெளியே வந்துவிட்டது. அவர் அருள்மேரியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

“ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம் பெரியவரே!” என்று ஸ்ரீரங்கன் பதறி எழுந்தார். “கேசட் தீந்துடுத்து. திருப்பிப் போட்டுக்கறேன். அந்தத் தண்ணி கேட்ட எடத்துலேர்ந்து இன்னொரு தரம் சொல்லுங்கோ.”

கூட்டம் உயிர் பெற்றது. பின்னால் ஒருவன் எழுந்து, “கதவ யாரு சாத்துனா?” என்று கேட்டான். “சத்தம் கேட்டுச்சா பெரியவரே?” என்று ஒரு பெண் கேட்டாள். எத்தனை நேரம் எரிந்தது என்று இன்னொருவர், பேனாவைத் திறந்துகொண்டு. வரலாற்றில் ஜனங்களுக்கு ஆர்வமே இல்லை என்று யார் சொன்னது?

அருள்மேரி மேடையைவிட்டு இறங்கி நேராக மூன்றாவது வரிசைக்குப் போனாள். “கேட்டீங்களா ஐயா? எங்கப்பா தானா சாகல. கொன்னுட்டாங்க. இனிமே பேரு எழுதலாமா?” என்றாள். உபதேசியார் தலையைக் குனிந்தபடி, “எழுதும்மா” என்றார்.

அன்று ராத்திரி அவள் தட்டு வைத்தாள், சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். ஒரு சொம்புத் தண்ணீரையும் எடுத்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சவுரிமுத்துவால் ஒரு பருக்கை விழுங்க முடியவில்லை. காலையில் அவருடைய தகரப் பெட்டி வாசலில் இருந்தது. அவள் திட்டவில்லை, அழவில்லை, சித்தப்பா என்று கூப்பிடவும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

மண்டபத்து வேலையும் அந்த வாரமே போயிற்று. நல்ல காரியம் நடக்கும் இடத்தில், சொந்த அண்ணனைக் கொளுத்தினவன் கேட் திறந்துவிட்டால் எவன் புக் பண்ணுவான் என்று முனிரத்தினம் கேட்டார். அவர் கேட்டதில் வியாபார நியாயம் இருந்தது. கிழவரை வேண்டும் என்று சொன்ன ஒரே ஆள் ஸ்ரீரங்கன்தான். தன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார், மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பேசவேண்டும்.

மன்றம் எங்கேயோ போய்விட்டது. கூடுவாஞ்சேரியில் ஒரு கூட்டம், கேளம்பாக்கத்தில் ஒரு கூட்டம், தாம்பரத்தில் இரண்டு. எங்கே போனாலும் நாற்காலி போதவில்லை. நோட்டீஸில் இப்போது சிங்கம் இல்லை, ‘அண்ணனை எரித்த தம்பி பேசுகிறார்’ என்றே போட்டார்கள். முதல் இரண்டு கூட்டத்தில் சவுரிமுத்து அழுதார். மூன்றாவதில் அழுகை வரவில்லை. கூட்டம் கொஞ்சம் சலித்துக்கொண்டது. ஸ்ரீரங்கன் பக்குவமாக எடுத்துச் சொன்னார். தண்ணி கேட்டார் என்று சொன்னதும் கொஞ்சம் நிறுத்தவேண்டும், உடனே பந்தத்துக்குப் போய்விடக் கூடாது. அக்டோபர் மாசத்துக்குள் கிழவருக்கு எங்கே நிறுத்தவேண்டும் என்று படிந்துவிட்டது. நிறுத்துவார்; கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்; பிறகு சொல்வார். சொல்லிவிட்டுப் படிக்கட்டுக்குக் கீழே வந்து படுத்துக்கொள்வார். அண்ணன் முகம் இப்போதெல்லாம் ஞாபகத்துக்கு வருவதில்லை. பேனரில் வரைந்திருந்த மீசைக்காரன்தான் வந்தான்.

நவம்பர் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீரங்கன் வேறு கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு, சவுரிமுத்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். அண்ணன் பெயர் வாசிப்பதைக் கேட்கவேண்டும். அதற்காகத்தானே எல்லாவற்றையும் தொலைத்தது. தன் வாயால்தான் அந்தப் பெயர் அழிந்தது, தன் வாயால்தான் அது திரும்ப வந்திருக்கிறது. அதை ஒரு தடவை காதால் கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு அவள் மன்னித்தால் என்ன, மன்னிக்காவிட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்துக்கொண்டாலும், அவள் கண்ணில் படும்படியான இடமாகப் பார்த்துத்தான் நின்றார்.

தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தியும் சாமந்தியும். அருள்மேரி தன் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவரைப் பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. ஒரு மரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கல்லறை மேல் மூன்று மெழுகுவர்த்திகள் எரிந்தன. அண்ணனுக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று. இன்னொன்று அருள்மேரியின் புருஷனுக்காக இருக்கும் என்று நினைத்தார். ஆனால் அவளுடைய புருஷன் கல்லறை அடுத்த வரிசையில், தனி மெழுகுவர்த்தியோடு இருந்தது. அவன் பெயரை அவன் வீட்டார் தங்கள் சீட்டில் எழுதுவார்கள்.

அன்று பூசை வைத்தவர் வெளியூரிலிருந்து வந்த இளம் சாமியார். யாரையும் தெரியாது. உபதேசியார் ஒவ்வொரு சீட்டாக எடுத்து நீட்ட, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாக வாசித்தார்.

“அருள்மேரி குடும்பத்தில் இறந்தவர்கள். லாசரஸ்.”

முதல் தடவையாக அந்தப் பெயருக்குச் சவுரிமுத்து நிமிர்ந்து நின்றார்.

“ரத்தினபாய். சவுரிமுத்து.”

உபதேசியார் சட்டென்று தலையைத் தூக்கினார். சாமியார் அடுத்த சீட்டுக்குக் கை நீட்டிவிட்டார். தெரிந்தவர்கள் ஒன்றிரண்டு பேர் கிழவரைத் திரும்பிப் பார்த்து, உடனே பார்வையை விலக்கிக்கொண்டார்கள். அருள்மேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, இறந்த இந்த மூன்று பேருக்கும் இளைப்பாற்றி வேண்டி ஜெபத்தைத் தொடங்கினாள். கூட்டம் சேர்ந்து சொன்னது. ஐம்பத்தோரு வருஷப் பழக்கத்தில் சவுரிமுத்துவின் வாயும் கூடவே சொல்லி, ஆமென் என்று முடித்தது. முடித்த பிறகுதான், யாருக்காகச் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.